‘குண்டு’ என்று கூப்பிட்டது நாங்கள்தான்

இந்தப் பதிவை எழுதுவதா வேண்டாமா என்று இண்டூரில் எங்கள் படிப்பு வட்டத்தில் இரண்டு வாரம் பேசினோம். அடுத்தவர்கள் நமக்குச் செய்த கொடுமையை எழுதிப் பழகிய கை இது. இடம், தேதி, சட்டப் பிரிவு எல்லாம் தானாக வந்து விழும். நாங்களே ஒருவருக்குச் செய்ததை எழுத உட்கார்ந்தால் முதல் வரியே வரவில்லை. ‘எழுதுங்க, என் பேரை மட்டும் போடாதீங்க’ என்று அந்தத் தங்கச்சி சொன்ன பிறகுதான் எழுதுகிறோம்.

நடந்தது இதுதான். ஏப்ரல் 14க்காக எங்கள் குழு பறையாட்டம் பழகியது. காலனி முனையில், வேப்பமரத்தடியில், இரண்டு மாதம் தினமும் மாலை. அந்தத் தங்கச்சி கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிப்பவள். அவள் தெருவில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பெண் அவள்தான். அடி பிசகாமல் வாசிப்பவள். புதிதாக வந்த தம்பிகளுக்குக் குச்சி பிடிக்கக் கற்றுக்கொடுத்ததும் அவள்தான். உடம்பு கொஞ்சம் பெருத்தவள்.

விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது எங்களில் ஒருவர் அவளிடம் சொன்னார்: ‘நீ புத்தகக் கடையில உக்காந்துக்கம்மா. ஆடுனா உனக்கு மூச்சு வாங்கும்.’ அக்கறை மாதிரிதான் இருந்தது. சுற்றி நின்ற நாங்கள் யாரும் மறுக்கவில்லை. உண்மையைச் சொல்கிறோம்: அவளுக்கு மூச்சு வாங்கும் என்று யாரும் பயப்படவில்லை. இரண்டு மாதமாக அவள் ஆடியதைப் பார்த்துக்கொண்டுதானே இருந்தோம். வீடியோ எடுத்துப் போடப்போகிறோம், வரிசை ஒரே மாதிரி தெரிய வேண்டும், யாரும் சிரித்துவிடக் கூடாது. எங்கள் மனதில் இருந்தது அது. அவள் சிரித்துக்கொண்டே ‘சரிங்கண்ணா’ என்றாள். விழா முழுக்கப் புத்தகக் கடையில் உட்கார்ந்திருந்தாள். அதற்குப் பிறகு வரவில்லை.

தேர்வு என்று நினைத்தோம். பிறகு விடுமுறை என்று நினைத்தோம். ஜூன் மாதம் அவள் அம்மா எங்கள் அக்கா ஒருவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிள்ளை ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் சாப்பிடுகிறாளாம். கல்லூரிக்குப் போகும் பேருந்தில் மயங்கி விழுந்திருக்கிறாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால், அங்கிருந்தவர் அவளைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் ‘முதல்ல உடம்பக் குறைம்மா’ என்று சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார். பட்டினியால் மயங்கியவளுக்குக் கிடைத்த மருத்துவம் அது.

நாங்கள் நான்கு பேர் அவள் வீட்டுக்குப் போனோம். திண்ணையில் உட்கார்ந்தோம். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அவளே பேசினாள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பெயர் பூசணி. பேருந்தில் ‘ரெண்டு டிக்கெட் எடு’. சொந்தக்காரர் கல்யாணத்தில் ‘இந்த உடம்புக்கு எவன் வருவான்’. ஊர்த்தெரு டீக்கடையைத் தாண்டும்போது, ‘ஸ்காலர்ஷிப் காசு நல்லா வேலை செய்யுதுடா.’ எல்லாவற்றையும் வரிசையாக, யாருக்கோ நடந்தது போலச் சொன்னாள். கடைசியில் சொன்னாள்: ‘அவங்க பேசுறது அவங்க புத்தி. அத நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. ஆனா நீங்க சொன்னதுக்கு என்னண்ணா பண்றது? நீங்களும் அதத்தான் பாக்குறீங்கன்னா அப்ப அது நெசந்தான?’

இந்தக் கேள்விக்கு அன்று எங்களிடம் பதில் இல்லை. அதன் பிறகு தேடிப் படித்ததையும் எங்களுக்குள் பேசியதையும்தான் இங்கே வைக்கிறோம்.

பெருத்த உடம்பு உள்ளவர்கள் மகிழ்ச்சியாக இருப்பதற்கும் இல்லாமல் போவதற்கும் எது காரணம்? எடைதான் காரணம், எடை குறைந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதுதான் பொதுப்புத்தி. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். தரவுகள் வேறு கதை சொல்கின்றன. 2010ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, மக்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தது. உடற்பருமன் உள்ளவர்களுக்குப் பின்னாளில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட 55 சதவீதம் அதிகம். மனச்சோர்வு உள்ளவர்களுக்குப் பின்னாளில் உடற்பருமன் வரும் வாய்ப்பு 58 சதவீதம் அதிகம். இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு சுற்றுகின்றன. எது முதல், எது பிறகு என்று கோடு போட முடியவில்லை.

அந்தச் சுழலுக்குள் கேலிக்கு ஒரு பங்கு இருக்கிறது. அமெரிக்காவில் 6,000க்கும் மேற்பட்ட நடுவயதினரையும் முதியவர்களையும் நான்கு ஆண்டுகள் இடைவெளியில் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 2013ல் வெளியானது. எடையைக் காரணம் காட்டித் தாங்கள் கீழாக நடத்தப்பட்டதாகச் சொன்னவர்களில், அப்போது உடற்பருமன் இல்லாதவர்கள்கூட, பின்னால் அந்த நிலைக்குப் போகும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு அதிகமாக இருந்தது. ‘கிண்டல் பண்ணாத்தான் ரோஷம் வந்து குறைப்பாங்க’ என்று சொல்கிறோமே, அது பொய். அவமானப்பட்ட மனம் ஓடிப் பயிற்சி செய்யாது. ஒளிந்துகொள்ளும். ஒளிந்த இடத்தில் கிடைக்கும் ஒரே ஆறுதல் பல நேரம் சாப்பாடுதான்.

2020ல் நேச்சர் மெடிசின் இதழில் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து ஒரு கூட்டறிக்கை வெளியிட்டார்கள். உடல் எடை முழுக்க ஒருவருடைய மன உறுதியின் கையில் இருக்கிறது என்ற நம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் பொருத்தமில்லை என்று அதில் சொன்னார்கள். மரபணு, தூக்கம், மருந்துகள், வேலை நேரம், கையில் உள்ள காசு, தெருவில் கிடைக்கும் உணவு எல்லாம் சேர்ந்துதான் எடை. ஆனால் பழி மட்டும் ஒருவர் தலையில் விழுகிறது. ‘உன் நிலைமைக்கு நீயே காரணம்’ என்ற வசனத்தை நாம் வேறெங்கோ கேட்டிருக்கிறோம் இல்லையா?

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சாதியும் பருமனும் ஒன்றல்ல. சாதிக்குக் கோயில் இருக்கிறது, சுடுகாடு இருக்கிறது, ஆணவக்கொலை இருக்கிறது. பெருத்த உடம்புக்கு எதிரான கேலியை அதோடு சமமாக வைத்தால் இரண்டையும் கொச்சைப்படுத்துவோம். நாங்கள் பேசுவது, இழிவு ஒரு மனதுக்குள் நுழையும் வழியைப் பற்றி. அந்த வழி நமக்குத் தெரிந்த வழி.

கார்லா ஹோஃப், பிரியங்கா பாண்டே என்ற இரண்டு ஆய்வாளர்கள் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஆதிக்கச் சாதிச் சிறுவர்களுக்கும் தலித் சிறுவர்களுக்கும் தாளில் வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். யார் என்ன சாதி என்று சொல்லாதபோது இரு தரப்பும் ஏறக்குறைய ஒரே அளவில் புதிர்களை விடுவித்தார்கள். பெயரையும் சாதியையும் எல்லார் முன்னாலும் படித்துவிட்டுப் புதிரைக் கொடுத்தபோது தலித் சிறுவர்களின் செயல்திறன் விழுந்தது. மூளை அதே மூளை. பென்சில் அதே பென்சில். நடுவில் ஒரு சொல் மட்டும் வந்து உட்கார்ந்துவிட்டது. எங்கள் தங்கச்சிக்கும் அதுதான் நடந்தது. ‘மூச்சு வாங்கும்’ என்று நாங்கள் சொன்ன நாளிலிருந்து மாடிப்படி ஏறும்போதெல்லாம் தன் மூச்சைத் தானே எண்ணிக்கொண்டிருந்ததாக அவள் சொன்னாள்.

வெளியிலிருந்து வரும் இழிவைவிட, அதை நாமே நம்பத் தொடங்குவதுதான் மகிழ்ச்சியை அதிகம் அரிக்கிறது. எடையைப் பற்றிய ஆய்வுகளும் இதையே சொல்கின்றன. ஒரே எடை உள்ள இருவரில், ‘நான் சோம்பேறி, கட்டுப்பாடில்லாதவள், அதனால்தான் இப்படி’ என்று தன்னைப் பற்றித் தானே தீர்ப்பு எழுதிக்கொண்டவர்தான் அதிகம் துவண்டுபோகிறார். பாபாசாகேப் சாதியை ஒரு மனநிலை என்று சொன்னதை நாம் மேடைதோறும் சொல்கிறோம். ஒடுக்குபவர் மனதில் மட்டுமல்ல, ஒடுக்கப்பட்டவர் மனதிலும் அது குடியேறும் என்பதை மறந்துவிடுகிறோம்.

எங்கள் குழுவில் ஓர் அண்ணன் இருக்கிறார். நூறு கிலோவுக்கு மேல் இருப்பார். நாங்கள் எல்லோரும், சிறுவர்கள் உட்பட, அவரை ‘குண்டண்ணன்’ என்றுதான் கூப்பிடுவோம். எங்களைவிட அதிகமாகத் தன்னைக் கிண்டல் செய்துகொள்பவர் அவர்தான். நாற்காலியில் உட்காரும் முன் ‘இன்சூரன்ஸ் இருக்கா?’ என்று கேட்பார். கூட்டமே சிரிக்கும். அவர் ரொம்ப சந்தோஷமான ஆள் என்று நாங்கள் முடிவு செய்திருந்தோம். தங்கச்சி வீட்டிலிருந்து திரும்பும்போது அவர் சொன்னார்: ‘நானே முதல்ல சொல்லிட்டா நீங்க சொல்றதுக்கு ஒண்ணும் இருக்காதுல்ல. இருபது வருசமா அதான் பண்ணிட்டு இருக்கேன்.’ அவர் பெங்களூரில் இரவுக் காவலாளி. பன்னிரண்டு மணி நேர வேலை, நாற்காலியிலேயே. பகலில் தகரக் கூரைக்குக் கீழே தூக்கம் பிடிக்காது. இரவில் தூக்கத்தை விரட்ட டீ, பன், பரோட்டா. ‘உடம்பக் குறைக்கணும்னா மொதல்ல வேலைய விடணும், வேலைய விட்டா உடம்பு தானா குறைஞ்சிரும், சோறு இருக்காது’ என்றார். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அன்று நாங்கள் சிரிக்கவில்லை.

நம் சினிமா நமக்கு இதைத்தான் பழக்கியிருக்கிறது. உசிலைமணி, குண்டு கல்யாணம், பிந்து கோஷ். இவர்களெல்லாம் திறமையான நடிகர்கள். ஆனால் திரையில் அவர்களுக்குக் கிடைத்த வேலை பெரும்பாலும் விழுவது, மாட்டிக்கொள்வது, சாப்பிடுவது. ஒருவருடைய பெயருக்கு முன்னாலேயே ‘குண்டு’ என்று போட்டு விளம்பரம் செய்தோம். பெருத்த உடம்புக்குக் காதல் வரும், கோபம் வரும், தலைமை தாங்கும் என்று காட்டிய படங்களை விரல் விட்டு எண்ணலாம். அந்த உடம்பு சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும். சிரிப்பதை நிறுத்தினால் நமக்குத் தொந்தரவாகிவிடும்.

இனி ஊர் டீக்கடைக்கு வருவோம். ‘ஸ்காலர்ஷிப் காசு நல்லா வேலை செய்யுது.’ இந்த ஒரு வரியை நாங்கள் பல நாள் பேசினோம். அந்த டீக்கடையிலும் பெருத்தவர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் உடம்பு ‘வசதி’. ‘நல்ல குடும்பம்’. எங்கள் உடம்பு மட்டும் ‘கொழுப்பு’. தமிழில் கொழுப்பு என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பது உங்களுக்குத் தெரியும். ஒல்லியாக இருந்தால் ‘சோத்துக்கு இல்லாதவன்’. பெருத்திருந்தால் ‘சலுகையில் தின்று கொழுத்தவன்’. சேரி உடம்பு எப்படி இருந்தாலும் அது யாருக்கோ கணக்குக் காட்ட வேண்டியிருக்கிறது.

2012 நவம்பர் 7 அன்று இதே தருமபுரி மாவட்டத்தில் நாயக்கன்கொட்டாய் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய மூன்று காலனிகள் தாக்கப்பட்டன. ஒரு காதல் திருமணத்தைக் காரணம் சொன்னார்கள். 200க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டன, எரிக்கப்பட்டன. பெங்களூருக்கும் திருப்பூருக்கும் போய் உழைத்துச் சேர்த்த பீரோ, வண்டி, நகை, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் போயின. அங்கே எரிந்தது திருமணத்தின் மீதான கோபம் மட்டும்தானா? இவர்கள் வீட்டில் பீரோவா, இவர்கள் வாசலில் வண்டியா என்ற பொறாமையும் சேர்ந்துதான் எரிந்தது. டீக்கடைப் பேச்சை நாங்கள் அந்த வரிசையில்தான் வைக்கிறோம். அளவு வேறு, கேள்வி ஒன்று: ‘இதுகளுக்கு இவ்வளவா?’ அந்தக் கேள்வியைத் தன் சதையில் சுமந்துகொண்டு தினமும் அந்தக் கடையைத் தாண்டிப் போகும் ஒரு பெண்ணிடம், ‘சந்தோஷமா இரு, தன்னம்பிக்கையா இரு’ என்று எப்படிச் சொல்வது?

உண்மையில் எங்கள் உடம்பில் ஏறியது என்ன? எங்கள் பாட்டிகள் சாப்பிட்டது கேழ்வரகுக் களி, கீரை, கொள்ளு, அவரை. அதுவும் கிடைத்த நாளில். நாள் முழுக்கக் காட்டில் குனிந்து நிமிர்ந்த உடம்பு. இன்று காட்டு வேலை குறைந்துவிட்டது. ஓசூரிலும் பெங்களூரிலும் தையல் இயந்திரத்தின் முன் உட்கார்ந்திருக்கும் வேலை. ரேஷன் அரிசி 2011 ஜூன் முதல் இலவசம். அது எங்கள் வீடுகளில் பசியை விரட்டியது, அதைக் குறை சொல்பவர்களோடு எங்களுக்குச் சண்டைதான். ஆனால் அரிசியை மட்டும் வைத்து வயிற்றை நிரப்ப முடியும், உடம்பை வளர்க்க முடியாது. பருப்பும் முட்டையும் காய்கறியும் கூலிக் காசில்தான் வர வேண்டும். 2023 மே மாதம் நீலகிரியிலும் எங்கள் தருமபுரியிலும் இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்ற திட்டம் வந்தபோது எங்கள் பெரியம்மா ஒருவர் சொன்னார்: ‘எங்க களியவே எங்களுக்குத் திருப்பித் தர இத்தன வருசமாச்சா?’

2019–21ல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது உடற்பருமன் உள்ளவர்கள். ஆண்களில் 37 சதவீதம். அதே ஆய்வில், அதே வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. இரண்டு எண்களையும் கூட்டிப் பாருங்கள். நூறில் நாற்பது பேர், ஐம்பத்து மூன்று பேர் என்றால் பல பெண்கள் இரண்டு பட்டியலிலும் இருக்க வாய்ப்பு உண்டு. பார்க்கப் பெருத்த உடம்பு, உள்ளே ரத்தமில்லை. ‘தின்று கொழுத்தவள்’ என்று நாம் சொல்லும் பெண் சரியான சாப்பாடு கிடைக்காதவளாகவும் இருக்கலாம்.

அந்த 40.4 சதவீதம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது பிஎம்ஐ. 25ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அதிக எடை. ஐந்தடிக்குச் சற்றுக் குறைவாக, 150 சென்டிமீட்டர் உயரம் உள்ள பெண்ணுக்கு அது சுமார் 56 கிலோ. இந்தக் கணக்கை 1830களில் போட்டவர் அடால்ஃப் கெட்லே என்ற பெல்ஜியம் நாட்டுப் புள்ளியியலாளர். மருத்துவத்துக்காக அல்ல, ‘சராசரி மனிதன்’ எப்படி இருப்பான் என்று கண்டுபிடிக்க. 1972ல் ஆன்செல் கீஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அதற்கு இன்றைய பெயரை வைத்தார். சர்க்கரை, ரத்த அழுத்த ஆபத்தை ஓரளவு முன்கூட்டிச் சொல்ல அந்த எண் உதவும். ஒருவருடைய ஒழுக்கத்தையோ உழைப்பையோ சொல்ல உதவாது.

அதே ஆன்செல் கீஸ் 1944–45ல் செய்த இன்னொரு சோதனைதான் எங்கள் தங்கச்சியைப் புரிந்துகொள்ள உதவியது. போருக்குப் போக மறுத்த 36 இளைஞர்கள் தாங்களாக முன்வந்தார்கள். ஆறு மாதம் அவர்களுக்கு அரைப் பட்டினி. எல்லோரும் உடலும் மனமும் நலமாக இருக்கிறது என்று சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். சில மாதங்களில் அவர்கள் எரிந்து விழுந்தார்கள், சோர்ந்தார்கள், தனிமையைத் தேடினார்கள். சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் சமையல் புத்தகங்களைப் படித்துக்கொண்டிருந்தார்கள். பட்டினி முடிந்த பிறகு பலரால் சாப்பிடுவதை நிறுத்த முடியவில்லை. அதாவது பட்டினி வயிற்றை மட்டும் தாக்குவதில்லை, மனதையும் தாக்கும். தங்கச்சியும் இதையேதான் சொன்னாள்: ‘ஒரு வேளை சாப்புடுறேன், ஆனா நாள் பூரா சோத்தப் பத்தியேதான் நெனைக்கிறேன். ராத்திரி எந்திரிச்சுத் திங்கறேன். அப்புறம் என் மேலயே எனக்கு வெறுப்பா வருது.’ இது மன உறுதி இல்லாமையா? இல்லை. நலமாக இருந்த 36 இளைஞர்களுக்கு நடந்ததுதான் அவளுக்கும் நடந்தது. நம் முன்னோர்கள் தலைமுறை தலைமுறையாகப் பட்டினி கிடந்தார்கள். அந்தப் பட்டினியைக் கல்லூரிக்குப் போகும் நம் பெண் தானாக வரவழைத்துக்கொள்ளும்படி செய்துவிட்டோம்.

இன்னொன்றும் அவள் சொன்னாள். உடம்பு குறைந்த பிறகு செய்ய வேண்டியவை என்று நோட்டில் ஒரு பட்டியல் வைத்திருக்கிறாள். போட்டோ எடுப்பது. ஜீன்ஸ் போடுவது. ஒகேனக்கல்லில் குளிப்பது. கல்லூரி மேடையில் பேசுவது. திரும்பப் பறை எடுப்பது. எல்லாம் ‘அப்புறம்’. வாழ்க்கையே ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது. பெருத்த உடம்பு உள்ள பலருடைய மகிழ்ச்சி இப்படித்தான் களவு போகிறது என்று இப்போது எங்களுக்குத் தோன்றுகிறது. முட்டி வலியால் அல்ல, ‘அப்புறம்’ என்ற சொல்லால். நமக்கு இந்தச் சொல்லும் பழக்கமானதுதான். முதலில் படிங்க, முதலில் சுத்தமா இருங்க, முதலில் தகுதியை வளர்த்துக்கங்க, உரிமையெல்லாம் அப்புறம் பார்க்கலாம். அப்படிச் சொன்னவர்களோடு நாம் சண்டை போட்டோம். அதே சொல்லை நம் தங்கச்சிக்கு நாம் சொன்னோம்.

நோயைப் பற்றிப் பேசக் கூடாது என்கிறோமா? இல்லை. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் எங்கள் காலனியில் வீட்டுக்கு வீடு இருக்கின்றன. 2021 ஆகஸ்டில் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ரத்தம் சோதித்துப் பாருங்கள். நடங்கள். தூங்குங்கள். ஆனால் உடம்பை நேசிப்பவர்தான் அதைக் கவனிப்பார். வெறுப்பவர் தண்டிப்பார், இல்லையென்றால் கைவிடுவார். அவமானத்துக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்கே போகாத நம் ஆட்கள் எத்தனை பேர்? மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணில் டெலிமானஸ் உதவி உண்டு. அழைப்புக்குக் காசில்லை. தமிழிலேயே பேசலாம்.

அமைப்பாக நாங்கள் செய்யத் தொடங்கியிருப்பது மிகச் சிறியது. யாரையும் உடம்பை வைத்து அழைப்பதில்லை என்று முடிவு செய்தோம். குண்டண்ணன் என்ற பெயர் போய்விட்டது. முதல் வாரம் அவரைக் கூப்பிட வாய் வராமல் தடுமாறினோம், இருபது வருடமாக அவருடைய சொந்தப் பெயரை நாங்கள் யாரும் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. கூட்டத்தில் கைப்பிடி இல்லாத அகலமான நாற்காலி நான்கு வாங்கினோம். ‘இளைச்சுட்டியே, சூப்பர்’ என்ற பாராட்டையும் நிறுத்தினோம். அது பாராட்டு மாதிரி வந்து, நேற்று வரை நீ சரியில்லை என்று சொல்லிவிட்டுப் போகிறது. ஞாயிறு மாலை படிப்பு வட்டம் முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். களி, கீரை, கருவாடு. யார் எவ்வளவு போட்டுக்கொள்கிறார் என்று யாரும் பார்ப்பதில்லை. பார்க்காமல் இருக்கப் பழக வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை.

தங்கச்சி திரும்பி வந்தாளா என்று கேட்பீர்கள். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்ட அன்று அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஆகஸ்டில் ஒரு ஞாயிறு வந்தாள். சாப்பிட்டாள். அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரம் வந்தாள். மூன்று வேளை சாப்பிடுகிறாளாம், கணக்கெழுதுவதை இன்னும் விடவில்லையாம். எடை குறைந்திருக்கிறதா, கூடியிருக்கிறதா, எங்களுக்குத் தெரியாது. கேட்கவில்லை. போன வாரம் தம்பி ஒருவன் அடியைத் தப்பாக வாசித்துக்கொண்டிருந்தான். அவள் பொறுத்துப் பார்த்துவிட்டு எழுந்துபோய் அவன் கையிலிருந்த குச்சியை வாங்கினாள். ஒரு சுற்று வாசித்துக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள். ஆடவில்லை. யாரும் செல்போனை எடுக்கவில்லை.

டிசம்பர் 6 நிகழ்ச்சிக்கு வரிசையில் அவள் பெயரை எழுதியிருக்கிறோம். ‘யோசிச்சுச் சொல்றேன்’ என்றிருக்கிறாள். அவள் வேண்டாம் என்றால் அதுவும் அவள் முடிவு. ஆனால் இந்த முறை இடம் அவளுக்காகக் காலியாக இருக்கும்.

இளம் தோழர்களே, மாணவர்களே, உங்கள் விடுதியில், உங்கள் வகுப்பில், உங்கள் அமைப்பில் ஒரு பூசணி இருக்கிறாளா? ஒரு யானை, ஒரு குண்டன் இருக்கிறானா? அவர்களுடைய சொந்தப் பெயர் உங்களுக்குத் தெரியுமா? வாட்ஸ்அப் குழுவில் அவர்களுடைய படத்தை ஸ்டிக்கராக்கி வைத்திருக்கிறீர்களா? நாம் சுவரில் மாட்டியிருக்கும் பாபாசாகேப் படத்தைப் பாருங்கள். சர்க்கரை நோயோடும் கால் வலியோடும், நிறைந்த உடம்போடும்தான் அவர் அரசியல் சட்ட வரைவுக் குழுவுக்குத் தலைமை தாங்கினார். உடம்பைக் குறைத்துவிட்டு வா என்று சொல்லியிருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்?

பொதுக் குளத்தில் இறங்கவும், பொதுத் தெருவில் நடக்கவும், பொது இருக்கையில் உட்காரவும் போராடியவர்களின் பிள்ளைகள் நாம். நம் வரிசையில் நிற்க யாருக்கும் எடை பார்க்காதிருப்போம்.

ஜெய்பீம்.